வெள்ளோட்டத்துக்கு மார்க் போடலாமா? நட்புப் போட்டிகள் பற்றி ஒரு எளிய விளக்கம்

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் இந்தியக் கால்பந்து அணி மாலத்தீவை 3-0 என்று வென்றது. ஓய்வு அறிவித்துவிட்டுப் போன சுனில் சேத்ரி, 40 வயதில் திரும்பி வந்து ஒரு கோலும் அடித்தார். மறுநாள் காலை அரசரடி ரயில்வே மைதானத்துப் பக்கம் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடையில் பேச்செல்லாம் அதுதான்.

"இனிமே நம்ம ஆளுகளப் பிடிக்க முடியாதுண்ணே. அடுத்து பங்களாதேஷ், ஊதித் தள்ளிருவாய்ங்க" என்றான் ஒரு தம்பி.

"அட போடா, அது பிரெண்ட்லி மேட்ச்சு. கணக்குலயே வராது" என்றார் எங்களில் மூத்த அண்ணன் ஒருவர்.

ஆறு நாள் கழித்து அதே ஷில்லாங்கில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பங்களாதேஷுடன் 0-0. அண்ணன் கடைக்கு வந்ததும் முதல் வார்த்தை, "நான்தான் சொன்னேன்ல?"

அவர் சொன்னது பாதிதான் சரி. தம்பி சொன்னதும் சரியில்லை. நட்புப் போட்டி என்றால் ஒன்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோம், இல்லையென்றால் தூசியாகத் தட்டிவிடுகிறோம். அது உண்மையில் எதற்காக நடக்கிறது, கணக்கில் எப்படி வருகிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டுமே தேவைப்படாது.

முதலில் தேரைப் பார்ப்போம்

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே ஒரு சொல் போதும்: வெள்ளோட்டம்.

புதிதாகத் தேர் செய்தாலோ, நெடுநாள் நின்ற தேரைப் பழுதுபார்த்தாலோ, திருவிழாவுக்கு முன்பு சாமி இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, கட்டை போடுகிறவர்களுக்குக் கை பழகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். நேர்வீதியில் எந்தத் தேரும் ஓடிவிடும். மாசி வீதி போன்ற இடத்தில் மூலை திரும்பும்போதுதான் சங்கதி வெளியே வரும்.

வெள்ளோட்டத்தில் தேர் ஓர் இடத்தில் முரண்டு பிடித்தால் 'தேர் தோற்றுவிட்டது' என்று யாராவது சொல்வார்களா? தச்சர் அந்த இடத்தில் குறி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். சொல்லப்போனால் ஒரு குறையும் தெரியாமல் முடிந்த வெள்ளோட்டம்தான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கும்.

நட்புப் போட்டி என்பதும் இதுதான். கோப்பை, தகுதிச்சுற்று எதிலும் சேராமல், இரண்டு நாடுகள் பேசி வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று இல்லை, தோற்றால் வெளியேற்றமும் இல்லை.

அப்படி என்னதான் சோதிக்கிறார்கள்?

ஒரு நாட்டின் அணி வருடம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுப்பதில்லை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கிளப்பில் இருப்பார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வருடத்தில் சில தேதிகளைக் குறித்து, 'இந்த நாட்களில் கிளப்புகள் ஆட்டக்காரர்களை நாட்டு அணிக்கு விட்டே ஆக வேண்டும்' என்கிறது. இதைச் சர்வதேச இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில நாட்களில்தான் பயிற்சியாளர் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

கல்யாண வீட்டுக்கு நாலு ஊரில் இருந்து சமையல்காரர்களை வரவழைத்தது போன்ற நிலைமை. ஒவ்வொருவரும் கெட்டிக்காரர். ஆனால் சாம்பாருக்கு யார் உப்புப் போட்டது என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பந்தியில் இலை போட்ட பிறகு கண்டுபிடித்தால் தாமதம்.

எங்கள் உள்ளூர் அணியிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டோர்னமெண்டுக்கு முன்னால் திண்டுக்கல் போய் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினோம். எங்களிடம் இடது காலால் ஆடும் பையன் ஒருவன் இருந்தான், எப்போதும் முன்வரிசை. அன்று அவனை இடது பின்வரிசையில் நிறுத்திப் பார்த்தோம். 1-5 என்று தோற்று, திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் அவன் பின்வரிசைக்கு ஏற்ற ஆள் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. டோர்னமெண்டில் தெரிந்திருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்போம்.

பெரிய இடத்திலும் கதை இதுதான். 2010 ஜூலையில் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அர்ஜென்டினாவிடம் 1-4, நவம்பரில் போர்ச்சுகலிடம் 0-4. இரண்டும் நட்புப் போட்டிகள். ஆனால் 2012 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) அரையிறுதியில் அதே போர்ச்சுகல் எதிரே வந்தபோது, ஸ்பெயின் ஒரு கோலும் வாங்காமல் பெனால்டியில் வென்றது. இறுதியில் இத்தாலியை 4-0 என்று அடித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. 0-4 என்ற எண்ணை மட்டும் வைத்து ஆரூடம் சொன்னவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் அணிக்கு வருவோம். 2022 மார்ச்சில் பஹ்ரைனிடம் 1-2, பெலாரஸிடம் 0-3, மே மாதம் ஜோர்டானிடம் 0-2. மூன்று நட்புப் போட்டி, மூன்று தோல்வி. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சைத் திட்டாத ஆள் இல்லை. ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று: கம்போடியாவை 2-0, ஆப்கானிஸ்தானை 2-1, ஹாங்காங்கை 4-0. மூன்றிலும் வெற்றி, தகுதியும் பெற்றாயிற்று.

இப்போது 2025-ஐப் பக்கத்தில் வையுங்கள். நட்புப் போட்டியில் மாலத்தீவை 3-0. அதற்கு அடுத்த தகுதிச்சுற்றில் பங்களாதேஷுடன் கோலில்லா டிரா. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1, அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக்கு நாம் தகுதி பெறவில்லை.

தோற்பது நல்லது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022-ல் நம்மைவிடப் பலமான அணிகளோடு மோதினோம், அடி வாங்கினோம், எங்கே ஓட்டை என்று தெரிந்தது. மாலத்தீவு நம்மைவிடப் பலவீனமான அணி. தேரை நேர்வீதியில் மட்டும் இழுத்துப் பார்த்த கதை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நட்புப் போட்டியின் முதல் வேலை தகவல் சேகரிப்பது. எந்த அளவுக்குத் தகவல் கிடைக்கும் என்பதை ஸ்கோரைவிட எதிரணியின் பலமும், பயிற்சியாளர் எதைத் தேடினார் என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு

2003 பிப்ரவரியில் லண்டனில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடின. முதல் பாதி முடிந்ததும் இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றிவிட்டார். 17 வயது வெய்ன் ரூனி முதன்முதலாக நாட்டுக்கு ஆடியது அந்த இரண்டாம் பாதியில்தான். இங்கிலாந்து 1-3 என்று தோற்றது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கடுப்பானதில் ஆச்சரியம் இல்லை.

இப்படி ஆளாளுக்குக் கூட்டமாக மாற்றுவது அதிகமாகிப் போனதால், 2004-ல் நாட்டு அணிகளின் நட்புப் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர்கள் ஆறு பேர் வரைதான் என்று வரம்பு வைத்தார்கள். காரணம் ரசிகர்களின் டிக்கெட் காசு மட்டும் இல்லை. அந்த ஆட்டத்துக்கு ஃபிஃபா தரவரிசையில் புள்ளி உண்டு. இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள், விதிப்படி ஆடும் ஆட்டத்துக்கு 'ஏ' போட்டி என்று பெயர். 'ஏ' போட்டி என்றால்தான் தரவரிசையில் சேரும். நாட்டு அணி ஒரு கிளப்போடு ஆடினால் சேராது.

'கணக்குலயே வராது' என்ற அண்ணனுக்கு

வரும் அண்ணே. கொஞ்சமாக வரும்.

நாட்டு அணிகளைப் புள்ளிப்படி வரிசைப்படுத்தும் ஃபிஃபா தரவரிசை 1992 டிசம்பரில் தொடங்கியது. இப்போதைய கணக்கு 2018 ஆகஸ்டில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. சூத்திரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். உள்ளே இருப்பது என்னவோ உண்டியல் கணக்குதான்.

கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் ஓர் உண்டியல் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் தங்கள் புள்ளியில் இருந்து கொஞ்சம் அதில் போட வேண்டும். ஜெயித்தவர் உண்டியல் முழுவதையும் எடுத்துக்கொள்வார். டிரா என்றால் ஆளுக்குப் பாதி.

சரி, யார் எவ்வளவு போடுவது? சரிசமமான அணிகள் என்றால் பாதிப் பாதி. ஒன்று பலமானது என்றால் அது அதிகம் போட வேண்டும். இரண்டுக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், உண்டியலில் சுமார் 68 சதவீதம் பலமான அணியுடையது, 32 சதவீதம் மற்றதுடையது. இந்தப் பங்குக்கு 'எதிர்பார்ப்பு' என்று பெயர். 'நீதான் ஜெயிப்பாய் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம், ஆகவே நீ அதிகம் வை' என்பது போல.

உண்டியலின் அளவு ஆட்டத்தைப் பொறுத்தது. உலகக் கோப்பைக் காலிறுதியில் இருந்து 60. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுகளுக்கு 25. சர்வதேச இடைவெளிக்குள் நடக்கும் நட்புப் போட்டிக்கு 10. இடைவெளிக்கு வெளியே நடந்தால் வெறும் 5.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 புள்ளி உண்டியல், 200 புள்ளி வித்தியாசம். பலமான அணி 6.8 போடுகிறது, எளிய அணி 3.2 போடுகிறது. பலமான அணி ஜெயித்தால் அதற்கு நிகர லாபம் 3.2 மட்டும். எளிய அணி ஜெயித்தால் 6.8 லாபம். டிரா ஆனால் ஆளுக்கு 5. அதாவது பலமான அணிக்கு 1.8 நஷ்டம், எளிய அணிக்கு அதே 1.8 லாபம். எத்தனை கோல் வித்தியாசம், யாருடைய ஊரில் ஆட்டம் என்பதெல்லாம் இந்த உண்டியலுக்குத் தெரியாது. 1-0, 7-0 இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

ஆக, மாலத்தீவு வெற்றியில் கிடைத்தது சில்லறை. ஆனால் சில்லறையும் காசுதான். பெரிய போட்டிகளுக்குக் குழு பிரிக்கும்போது தரவரிசைப்படி அணிகளை 'பாட்' என்ற அடுக்குகளில் வைத்து, ஒவ்வொரு அடுக்கில் இருந்தும் ஒன்றாகச் சீட்டு எடுப்பார்கள். முதல் அடுக்கில் இருந்தால் அங்கிருக்கும் மற்ற பெரிய அணிகள் உங்கள் குழுவில் வராது. பந்தியில் எந்த வரிசையில் உட்காருகிறோம் என்பது போல. ஆனால் உட்கார்ந்த பிறகு சாப்பிட வேண்டியது நாம்தான்: 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு இந்தியா முதல் அடுக்கில்தான் இருந்தது. என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.

ஜெயித்தும் கீழே இறங்கிய காலம்

'நட்புப் போட்டி ஆடினால் ரேங்க் இறங்கும்' என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய பஞ்சாங்கம். ஆனால் ஒருகாலத்தில் உண்மையாகவே இருந்தது, காரணமும் சுவாரசியமானது.

2018-க்கு முன்பு சராசரி எடுத்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிடைத்த புள்ளிகளைக் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். நட்புப் போட்டி என்றால் புள்ளியை 1-ஆல்தான் பெருக்குவார்கள். தகுதிச்சுற்று என்றால் 2.5-ஆல். உலகக் கோப்பை என்றால் 4-ஆல். எப்போதும் 90 மார்க் வாங்கும் பிள்ளையை, மொத்தமே 40 மார்க்குக்கு நடக்கும் ஒரு பரீட்சையில் உட்கார வைத்தது போல. நாற்பதுக்கு நாற்பது வாங்கினாலும் சராசரி சரியும்.

இதனால் அடி வாங்கியது பிரேசில். 2014 உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆட வேண்டியதில்லை. பெரும்பாலும் நட்புப் போட்டியாக ஆடி, 2013 ஜூன் பட்டியலில் 22-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. அதே மாதக் கடைசியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் உலக சாம்பியன் ஸ்பெயினை 3-0 என்று சாத்தியது. இருபத்திரண்டாவது அணியாம்!

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது போலந்து. 2018 உலகக் கோப்பைக்குக் குழு பிரிக்க 2017 அக்டோபர் பட்டியலை எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் போலந்து ஆடியது ஒரே ஒரு நட்புப் போட்டி. பட்டியலில் ஆறாவது இடம், முதல் அடுக்கு. ஸ்பெயின், இங்கிலாந்து எல்லாம் இரண்டாம் அடுக்கில். விதியை மீறவில்லை, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் உலகக் கோப்பையில் செனகலிடம் 1-2, கொலம்பியாவிடம் 0-3 என்று தோற்று, ஜப்பானை மட்டும் வென்று, குழுவில் கடைசி இடம். வெள்ளோட்டம் பார்க்காததால்தான் தேர் சாய்ந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். மூன்று ஆட்டத்தை வைத்து அப்படிச் சொல்வது நியாயமில்லை.

உண்டியல் கணக்கில் சராசரியே இல்லை. ஜெயித்தால் ஏறும், அவ்வளவுதான்.

நம்மோடு ஆட யார் வருவார்?

'பலமான அணியோடு ஆட வேண்டியதுதானே' என்று கேட்பது சுலபம். உண்டியலை அவர்கள் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வித்தியாசம் 600 புள்ளி என்றால் பலமான அணி 9-க்கு மேல் போட வேண்டும். ஜெயித்தால் லாபம் ஒரு புள்ளிகூட முழுதாக வராது. டிரா ஆனாலே 4 போச்சு. இப்படியொரு வியாபாரத்துக்கு விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

போதாததற்கு, 2018 செப்டம்பரில் ஐரோப்பா நேஷன்ஸ் லீக் என்று ஒன்றைத் தொடங்கியது. யாரும் அக்கறையாக ஆடாத நட்புப் போட்டிகளைக் குறைத்து, அந்தத் தேதிகளில் கோப்பைக்காக ஆட வைக்கலாம் என்ற யோசனை. அவர்களுக்கு நல்லதுதான், உண்டியலும் 15 ஆகிறது. ஆனால் ஐரோப்பிய அணிகளின் தேதிகள் பெரும்பாலும் அதிலேயே போய்விடுகின்றன. வெளியே இருக்கிற நாடுகளுக்குப் பெரிய அணி கிடைப்பது இன்னும் கடினம்.

எனவே ஒரு நட்புப் போட்டியில் எதிரணி யார் என்பதில் விருப்பம் பாதி, கிடைத்தது பாதி.

பணம், அப்புறம் காயம்

பெரிய அணிகள் வெளிநாடு போய் ஆடுவதில் காசு இருக்கிறது. இதை யாரும் மறைப்பதில்லை. 2011 செப்டம்பர் 2 அன்று கொல்கத்தா சால்ட் லேக்கில் அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் ஆடின. நம் ஆட்கள் பார்த்தது மெஸ்ஸி தரிசனம். ஆனால் அதுதான் அலெஹாந்த்ரோ சபெயா பயிற்சியாளராக முதல் ஆட்டம். மெஸ்ஸியிடம் கேப்டன் பட்டையைக் கொடுத்து அவர் தொடங்கியது அங்கேதான். ஒட்டாமெண்டி அடித்த ஒரே கோலில் அர்ஜென்டினா வென்றது. அதே சபெயா, அதே கேப்டனோடு 2014 உலகக் கோப்பை இறுதிவரை போனார். திருவிழாக் கடைக்குள்ளேயும் தச்சர் வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

'நட்பு' என்ற பெயரை நம்பி ஏமாறவும் வேண்டாம். 2006 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு சீனாவுடன் நடந்த ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிப்ரில் சிஸ்ஸேவுக்குக் கால் முறிந்தது. உலகக் கோப்பையே போயிற்று. சம்பளம் கொடுக்கிற கிளப்புகள் நட்புப் போட்டி என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான். மெஸ்ஸி 2005-ல் ஹங்கேரியுடன் முதன்முதலாக நாட்டுக்கு இறங்கியபோது, உள்ளே வந்த ஓரிரு நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அதுவும் நட்புப் போட்டிதான்.

மறுபடியும் டீக்கடை

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. "சரிடா, கணக்குல வருது, ஒத்துக்கிறேன். அப்ப அந்த மாலத்தீவு மேட்ச்ச எப்படித்தான் பார்த்திருக்கணும்?" என்றார்.

நான் பார்ப்பது இப்படி. முதலில் அடுத்த நிஜமான ஆட்டம் யாரோடு, எப்போது என்று பார்ப்பேன். இந்த எதிரணி ஆடும் விதம் அந்த எதிரணிக்குக் கொஞ்சமாவது ஒத்துவருகிறதா? பிறகு ஆள் பட்டியல். 2021 மார்ச்சில் ஓமனுடன் ஸ்டிமாச் பத்துப் பேரை முதன்முதலாகக் களத்தில் விட்டார். அந்த ஆட்டம் 1-1. அடுத்த ஆட்டம் அமீரகத்திடம் 0-6. பத்துப் புதுமுகங்களை இறக்கியவர் எதைத் தேடினார் என்பது பட்டியலிலேயே எழுதியிருந்தது. மூன்றாவது, அறுபதாவது நிமிடத்துக்குள் விழுந்த கோல்களையும் அதற்குப் பிறகு விழுந்தவற்றையும் தனித்தனியாகப் பார்ப்பேன். மாற்று ஆட்டக்காரர்கள் குவிந்த பிறகு இரண்டு பக்கமும் அந்த அணி அந்த அணியாக இருப்பதில்லை.

கடைசியாக, கோல் எப்படி வந்தது என்பது. ஷில்லாங்கில் விழுந்த மூன்று கோலும் தலையால் அடித்தவை. ராகுல் பேக்கே, லிஸ்டன் கொலாசோ, சேத்ரி, மூவரும் முட்டித்தான் உள்ளே தள்ளினார்கள். முதல் இரண்டும் கார்னரில் இருந்து வந்தவை. காலால் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை அந்தக் கடையில் அரைமணி நேரம் கத்திக்கொண்டிருந்தோம். இதை ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.